வின்னிபெக்கிலிருந்து வந்தவர்கள்

விசோவிட்சே, மொராவியா
14 ஆகஸ்ட் 1990

அன்புள்ள வொய்தேக்,

உன் அண்ணி பிளாஜெனா எழுதுவது. நாங்கள் நலம். கனடாவில் நீயும் பிள்ளைகளும் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே பிளம் மரங்கள் கிளை தாங்காமல் காய்த்திருக்கின்றன. உன் அண்ணனுக்கு முழங்கால் வலி. டாக்டரிடம் போகச் சொன்னால் எரிந்து விழுகிறார்.

போன ஞாயிறு மதியம், சூப்பை மேசையில் வைத்த நேரம், கொட்டும் மழையில் ஓர் இளம் தம்பதி கதவைத் தட்டினார்கள். சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்கள், வழி தவறிவிட்டார்கள். அவளுடைய அம்மா நம் பிர்னோ நகரத்துக்காரியாம். நம் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசினாள். வழி கேட்டுக்கொண்டு கிளம்பப் பார்த்தார்கள். உன் அண்ணன் விடுவாரா? "சாப்பாட்டு நேரத்துல வாசலோட போனா எங்க மானம் என்னாகுறது?" என்று உள்ளே இழுத்து, ஈர ஷூக்களைக் கழற்ற வைத்து, வீட்டுச் செருப்பு கொடுத்தார்.

இறைச்சியும் கிரீம் குழம்பும் மாவு உருண்டையும் வைத்தேன். இரண்டாம் தட்டோடு போதும் என்று அவள் புருஷன் கையை ஆட்டினான். "நிறுத்தினா எங்க வீட்டுக்காரி அழுதுருவா" என்று உன் அண்ணன் மிரட்ட, மூன்றாவதையும் முடித்தான். நீ இருந்தபோது நம் மேசை இப்படித்தான் சிரிக்கும்.

பிறகு பிளம் சாராயம். "கண்ணைப் பாத்துக் கோப்பையை இடிக்கணும் மாப்ளே, கோப்பையைப் பாக்காதே" என்று உன் அண்ணன் சொல்லிக்கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். கனடா, வின்னிபெக் என்றாள் அவள்.

உன் ஊரேதான்! நீ நாட்டை விட்டு ஓடிப்போனதற்காக அரசாங்கத்தார் உன் அண்ணனுடைய வாத்தியார் வேலையைப் பறித்துச் செங்கல் சூளைக்கு அனுப்பினார்களே, அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம் உன் பேரை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. உன் கடிதங்களை என் தங்கை வீட்டில் வைத்துத்தான் படிக்கிறேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "என் தம்பி அந்த ஊர்லதான் இருக்கான்" என்றார். ஊர்ப் பேரை நான் அவரிடம் சொன்னதே இல்லை, வொய்தேக்; எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார். "அங்க குளிரு ரொம்பவா? அவனுக்குச் சளி சட்டுன்னு நெஞ்சுல கட்டிக்கும்" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். ரொம்பக் குளிர்தான் என்றாள் அவள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அவர்கள் போனபின் உன் அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னை வரச்சொல்லி அவர் எழுதவும் மாட்டார். எல்லைதான் திறந்துவிட்டதே, நீ வா. முதலில் திட்டுவார். திட்டட்டும், பொறுத்துக்கொள். மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அண்ணி,
பிளாஜெனா