இடப்பக்கக் குழாயில் ஒரு நிழல்

எங்கள் மாடி அறை மகாராணி ஜெயராணிக்கு,

இன்றைக்குக் கண் டாக்டரிடம் போய்வந்தேன். நீ கண்டுபிடித்துக் கொடுத்த என் இடது கண்ணுக்கு இதுதான் முக்கியமான பரிசோதனை என்று போன தடவையே சொல்லி அனுப்பியிருந்தார். ஒட்டவைத்த விழித்திரை ஒட்டியபடி நிற்கிறதா, இல்லை மறுபடியும் ஆபரேஷனா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும் என்றார். என்ன தெரிந்தது என்று இப்போதே சொல்ல மாட்டேன். சந்தையில் வாங்கிய ஒவ்வொரு பழைய லென்ஸையும் துணியில் சுற்றி ஒளித்துவைத்து, "சொல்லுட்டி பாப்போம், இது எந்த ஊருல செஞ்சது?" என்று என் உயிரை வாங்கினாயே, அதற்குப் பழிவாங்க எனக்கும் ஒரு சந்தர்ப்பம் வேண்டாமா?

இந்தக் கடிதத்தை ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திருப்பிச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதே. உன்னைப் பற்றிப் பேச எனக்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

உடன்குடிப் பக்கத்திலிருந்து ஒருத்தி ஒரகடத்துக்கு வந்தாள். கார் முகப்பு விளக்கு செய்யும் கம்பெனியில் கடைசிச் சோதனை மேசையில் எனக்குப் பக்கத்தில் நின்றாள். ஹாஸ்டல் சாப்பாடு தொண்டைக்குள் இறங்கவில்லை என்று தினமும் புலம்பினாள். புலம்பல் தாங்காமல் நான்தான் வல்லக்கோட்டைக்குக் கூட்டிவந்து எங்கள் வீட்டு மாடி அறையில் குடிவைத்தேன். வாடகைக்கு வந்தவள் ஒரு மாதத்துக்குள் எங்கள் அடுப்படியையே பிடித்துக்கொண்டாள். "இன்னாடி இது, புளிக்கொழம்புல தேங்காய அரைச்சி ஊத்திக்கினு கீறா!" என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். சுளித்த முகத்தோடேயே இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மற்ற பெண்கள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனால் செருப்பு வாங்குவார்கள், மிக்ஸி ஜார் வாங்குவார்கள். நீ போய்ப் பழைய சாமான் குவியலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாய். முதல் தடவை நீ தூக்கிக்கொண்டு வந்தது தோல் உரிந்த ஒரு பைனாகுலரும் ஒரு கேமரா லென்ஸும்.

"லென்ஸ் கீது, கேமரா எங்கடி?" என்றேன்.

"கேமரா யாருக்கு வேணும்? கம்பெனில நாள் பூரா ஒரே மாதிரி கண்ணாடியாப் பாத்து மண்டை காயுது. இது ஒவ்வொண்ணும் வேற வேற ஆளு, தெரியுமா?" என்றாய்.

எனக்குப் பைத்தியம் மாதிரிதான் பட்டது. ஆனால் பைத்தியம் தொற்றும் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. போனில் பார்த்தது பாதி, கையில் வைத்து உருட்டியது பாதி. சந்தைக்காரர்களுக்கு எல்லாமே ஜெர்மன் மிலிட்டரி. நீ வாயே திறக்காமல் முன் கண்ணாடியில் வெளிச்சத்தை விழவிடுவாய். ஜன்னல் கண்ணாடி போல வெள்ளையாகத் திருப்பி அடித்தால் பூச்சு இல்லாத காலத்துச் சரக்கு. நீலமாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் அதற்குப் பிந்தியது. பச்சையும் சிவப்புமாகப் பல நிறம் காட்டினால் நம் வயதுக்காரன். இரண்டு கண்துளையையும் தனித்தனியாகத் திருகிச் சரிசெய்ய வேண்டியதென்றால் பெரும்பாலும் கப்பலுக்கோ பட்டாளத்துக்கோ செய்தது, நடுவில் ஒரே சக்கரம் இருந்தால் குதிரைப்பந்தயம் பார்க்கிறவருக்குச் செய்தது என்பாய். அந்தப் பந்தயக்காரர் நீயாகக் கட்டிய கதை. இருந்தாலும் அந்தக் கதைதான் எனக்கு மறக்காமல் நின்றது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத்தான் உன்னிடம் எத்தனை சட்டம்! இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து, ஒரே பொருளைப் பார்க்க வேண்டும். நேற்றுப் பார்த்ததை இன்றைக்கு நினைத்துக்கொண்டு சொல்லக் கூடாது. காலை ஷிப்ட் முடிந்து வந்த சாயங்காலங்களில் மாடியில் நின்று முருகன் கோவில் கோபுரத்தைப் பார்ப்போம். கலசத்தின் ஓரம் கூர்மையாகத் தெரிகிறதா, பொம்மைகளின் நிறம் மஞ்சளடிக்கிறதா, வெளிச்சம் குறையக் குறைய எது முதலில் கைவிடுகிறது என்று ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு சண்டை போடுவோம். கீழே அப்பா, "சாமிய தூரத்துலயே பாத்துக்கினு கீதுங்க, கோயிலுக்குப் போவ கால் வரல" என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்புறம்தான் அந்தப் பித்தளை உடம்புக்காரன் வந்தான். கறுப்புப் பெயின்ட் பாதி போயிருந்தது. மூக்குப் பக்கத் தட்டில் மேல்நோக்கிய ஒரு சின்ன அம்புக்குறி. வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளச் சொத்துக்கு அடையாளம் அது என்று நீ குதித்த குதியில் மாடியே அதிர்ந்தது. எனக்கு அவனை முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. இடப்பக்கக் குழாயில், கீழ் ஓரத்தில், ஒரு நிழல் இருந்தது.

"உள்ள ப்ரிசம் ஒடஞ்சி கீதுடி. ஏமாந்துட்ட."

"எனக்கு ஒண்ணும் தெரியலியே. நல்லாப் பாரு."

"பாத்துட்டுதான் சொல்றேன். தூசி வேற பறக்குது உள்ள."

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்று நீ சிரித்தாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பார்வையைப் பற்றி யார் வேண்டுமானாலும் என்னிடம் பேசிவிடலாமா? லைனில் மயிரிழைக் கீறலைக்கூட விடாதவள் நான். அந்த வாரம் முழுக்க உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீயோ பாவம், நான் சொன்னேனே என்று அதைத் திருகாணி திருகாணியாகக் கழற்றித் துடைத்து மாட்டினாய். மறுபடியும் பார்த்தேன். நிழல் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.

நம் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. சோதனை மெஷின் ஒரு விளக்கைத் தள்ளிவிட்டால், உடனே குப்பையில் போட மாட்டோம். அதே விளக்கை அடுத்த மெஷினில் மாட்டிப் பார்ப்போம். அங்கேயும் தள்ளினால் குறை விளக்கில். அங்கே தேறிவிட்டால் குறை முதல் மெஷினில். தினமும் செய்கிற வேலை, தூக்கத்தில்கூடக் கை தானாகச் செய்யும். அன்றைக்குச் சாயங்காலம் உன் கை அதைத்தான் செய்தது. என் கையிலிருந்த பைனாகுலரை வாங்கி, தலைகீழாகப் புரட்டிக் கொடுத்தாய். இடப்பக்கக் குழாய் இப்போது என் வலது கண்ணுக்கு வந்துவிட்டது.

"ஒவ்வொரு கண்ணா மூடிப் பாரு. இப்பம் எந்தப் பக்கம் நிழல்?"

"அதே பக்கம்தான். எடப்பக்கம்" என்றேன், ஜெயித்துவிட்ட மிதப்பில்.

நீ சிரிக்கவில்லை. என் வலது கண்ணை உன் உள்ளங்கையால் பொத்தினாய். பைனாகுலரை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் கோபுரத்தைப் பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். கோபுரத்தின் கீழ்ப்பகுதியைக் காணோம். இரண்டு கண்ணும் திறந்திருந்த இத்தனை நாளும் ஒன்றின் குறையை மற்றது மூடி மறைத்திருக்கிறது.

"கண்ணாடி ஓகேட்டி" என்றாய். உன் குரல் ஒரு மாதிரி இறங்கியிருந்தது. "கண்ணுதான் என்ஜி."

தேறாத சரக்குக்குக் கம்பெனியில் சொல்கிற அந்த வார்த்தையை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம்! அதை ஒரு ஆளைப் பார்த்துச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

அம்மா வழக்கம்போல, "சூடு புடிச்சிகினு கீது. நல்லெண்ண தேச்சி குளிச்சா சரியாப்பூடும்" என்றாள். நானும் அந்தப் பக்கமே சாய்ந்தேன். பயந்தவளுக்கு எண்ணெய்க் குளியல் எவ்வளவு சுகமான வைத்தியம்! நீ விடவில்லை. மறுநாள் ஷிப்ட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, விடிந்ததும் என்னை ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் படப்பைக்கும், அங்கிருந்து பஸ்ஸில் தாம்பரத்துக்கும் இழுத்துப் போனாய். வழியெல்லாம் நான் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாய்.

விழித்திரை கழன்றுகொண்டு வருகிறது என்றார் டாக்டர். நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருப்பதால் காப்பாற்றலாம், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். நீ என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த கண் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அழுகையை அடக்குகிறாய் என்று எனக்குத் தெரியாதா?

ஆபரேஷன் முடிந்து விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்து, குப்புறப் படுத்தே இருக்க வேண்டும், நிமிரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டிலின் ஓரத்துக்கு வெளியே முகத்தைத் தொங்கவிட்டுத் தரையையே பார்த்துக் கிடந்தேன். சாப்பாடு, தண்ணீர், அழுகை எல்லாம் அப்படித்தான். நீ என்ன செய்தாய்? வேலை முடிந்து வந்ததும் தரையில் பாய் விரித்து, என் முகத்துக்கு நேர் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டாய். என் கண்ணீரும் ஒருமுறை சாம்பாரும் உன் நெற்றியில் விழுந்தன. லென்ஸ்களை ஒவ்வொன்றாக உன் மார்பில் வைத்து, கையிலிருந்த டார்ச்சை அடித்து, என் நல்ல கண்ணுக்குக் காட்டுவாய்.

"சொல்லு, இது என்ன பூச்சு?"

"ஊதா. விடுடி, கழுத்து வலிக்குது."

"வலிக்கட்டும். இது எந்த ஊரு?"

"உங்க உடன்குடி."

நீ சிரித்தால் மார்பில் இருந்த லென்ஸ் உருண்டு விழும். அந்த நாட்களில் நான் பயந்து செத்துப்போகாமல் இருந்ததற்கு அந்த உருண்டு விழுந்த லென்ஸ்கள்தான் காரணம், ராணி. கட்டுப் பிரித்த பிறகு உன்னிடம் நன்றி சொன்னேன். "ஏட்டி, நன்றியெல்லாம் கம்பெனி நோட்டீஸ் போர்டுல எழுது" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தாய். இன்றைக்குக் குட்ட முடியாதே உன்னால். அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். நன்றி. நீ இல்லாவிட்டால் எனக்குப் பாதி உலகம் இல்லை.

காய்ச்சல் என்று ஊருக்குப் போனாய். இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்றாய். உன் தம்பி வந்து சூட்கேஸையும் லென்ஸ் பெட்டியையும் எடுத்துப் போனபோது, மாடிப்படியில் ஒதுங்கி நின்று வழிவிட்டேன். ஏன் உனக்கு மட்டும் சாதாரணக் காய்ச்சல் சாதாரணமாகப் போகவில்லை? எனக்கு நீ நிழலைக் கண்டுபிடித்தாய். உன் உடம்புக்குள் இருந்ததை நாங்கள் யாராவது கண்டுபிடித்தோமா?

சரி, இன்றைக்கு வருகிறேன். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, மேலே பார் கீழே பார் என்று வெகுநேரம் பார்த்தார். பிறகு விளக்கைப் போட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லா ஒட்டி நிக்குதும்மா. இனிமே வருசத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்."

தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றேன். சொட்டு மருந்தில் கண் கூசியது, போன் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. சந்தோஷமான செய்தி வந்தால் விரல் போகிற இடம் பழக்கப்பட்ட இடம்தானே. மணி அடித்தபோதுதான் யாருக்குப் போட்டிருக்கிறேன் என்று உறைத்தது. வைத்துவிடலாம் என்பதற்குள் எடுத்துவிட்டார்கள். உன் நம்பருக்கு உன் அம்மா இன்னும் பணம் கட்டி வருகிறார்கள், ராணி.

"யாரு, புவனாவா? என்னம்மா, எப்படி இருக்க?"

என்ன சொல்வது? உங்கள் மகளைத்தான் கூப்பிட்டேன் என்றா? கண் டாக்டரிடம் போய்வந்தேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர்களாகவே வேறு பேச்சுக்குப் போனார்கள்.

"அவ பெட்டியில ஒரு கறுப்புச் சாமான் கெடந்துச்சுல்லா, ரெட்டைக் குழா. பித்தளைன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. ஒரே அழுக்கு. புளி போட்டுத் தேச்சு வெச்சிருக்கேன். குத்துவிளக்கு மாதிரி மின்னுது."

பழைய பெயின்ட்டில் நகம் படக்கூட விடமாட்டாய் நீ. "புளியா?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் எதும் தப்பா செஞ்சிட்டேனாம்மா? அவ சாமான் அழுக்கா இருக்கக் கூடாதுன்னுதான்..."

"இல்லம்மா. நல்லதுதான் செஞ்சீங்க. அவளே பாத்தா சந்தோசப்படுவா" என்றேன். என்னை மன்னித்துவிடு. பெயின்ட்டைவிட உன் அம்மா எனக்குப் பெரிது. உனக்கும் அப்படித்தானே?

பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். "டாக்டர் என்னம்மா சொன்னாரு? கண்ணு நிக்குதா?"

"நிக்குதும்மா. நல்லா ஒட்டி நிக்குதுன்னு சொல்ட்டாரு. இனிமே பயம் இல்லியாம்."

அந்தப் பக்கம் உன் அம்மா அழும் சத்தம் கேட்டது. உன் காரியத்தன்று அழாமல் கல்லாக உட்கார்ந்திருந்தவர்கள். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்கள்:

"எம் புள்ளய நான் காப்பாத்த முடியல. எம் புள்ள காப்பாத்துனது நிக்குதுல்லா தாயி. பத்திரமா வெச்சுக்கோ."

ராணி, பஸ் ஸ்டாண்டில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்று அழுதேன். யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன், இதை நம்பலாம். அடுத்த லீவுக்கு உடன்குடிக்குப் போகிறேன். அதற்கடுத்த லீவுக்கும் போவேன். உன் அம்மாவுக்கு வயதாகி நடை தளர்ந்தால் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடப்பேன். வழியில் கல் கிடக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று இந்த இரண்டு கண்ணும் அவர்களுக்காகப் பார்க்கும்.

உன் அம்மாவுக்கு இன்னொரு மகள்,
உனக்குத் தங்கை,
புவனா
வல்லக்கோட்டை