இருவர் போட்ட உப்பு

ஜூன் 9, திங்கள்

மேஜை கிடைத்துவிட்டது! ஜன்னலோரம். நாற்காலி ஆடுகிறது, ஆடட்டும். இரண்டு வருஷம் பிளாஸ்டிக் வார்க்கும் இரும்பு மோல்டுக்குப் பாலிஷ் போட்ட திரிஷா, இனி மோல்டையே வரையப் போகிறாள். முதல் வேலை ஒரு சாப்பாட்டு டப்பா. உள்ளே கடையில் விற்கும் எவர்சில்வர் கிண்ணம், வெளியே நம் பிளாஸ்டிக். முதலாளி சிவராஜ் சார் கறாராகச் சொல்லிவிட்டார்: "இது ஓடுச்சுன்னா மேஜை உன்னுது. சொதப்புனா நீயே பாலிஷ் ரூமுக்கு நடந்துடும்மா, என்னைச் சொல்ல வைக்காதே."

சரி சார் என்றேன். சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

ஜூன் 12

டப்பாவை வரைந்தவள் ஸிந்துஜா என்று யாரோ ஒரு மகராசி. ஆர்டர் கொடுத்த சென்னை கிண்டி கம்பெனி. சுவரெல்லாம் நெட்டுக்குத்தாக நிற்கிறது. இப்படி இருந்தால் டப்பா மோல்டை விட்டு எப்படிக் கழன்று வரும்? இவள் இட்லித் தட்டைப் பார்த்ததே இல்லையா? சுவர் கொஞ்சம் சரியட்டும் என்று மெயில் போட்டேன். அது இங்கே காஞ்சிபுரத்திலிருந்து கிண்டி போய் இரண்டு மேனேஜர்களைக் கும்பிட்டுவிட்டுத்தான் அவளிடம் போகும்.

ஜூன் 16

பதில்: "அழகு கெடும்."

அழகாம்!

ஜூன் 19

சுவர்ச் சரிவுக்கு அவள் ஒரு டிகிரி என்றாள், நான் இரண்டு என்றேன். ஒன்றரைக்குப் படிந்தது. மீன் கடை தோற்றது போங்கள்.

ஜூலை 4

மோல்டு வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். என் கோடு இரும்பாகிறது! மூன்று தடவை போய் எட்டிப் பார்த்துத் திட்டு வாங்கினேன்.

ஜூலை 21

ஐயோ.

முதல் டப்பா வந்தது. கிண்ணம் உள்ளே லொடலொடன்னு ஆடுது. சுத்திலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி. சார் அதை எடுத்தார். தேங்காய் வாங்குகிறவர் மாதிரி காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். பிளாஸ்டிக் ஆறினால் சுருங்கும், அதற்காக நூற்றுக்கு இரண்டு பெரிதாக்கித்தானே வரைந்தேன்? எல்லாரும் செய்வதுதானே? அப்புறம் எங்கே தப்பு? போச்சு. மேஜை போச்சு.

ஜூலை 22

ஸிந்துஜாவின் நம்பரைத் தேடிப்பிடித்துச் சண்டை போடத்தான் கூப்பிட்டேன். கிண்டியில் எங்கே என்றால், "நான் சின்ன காஞ்சிபுரம்பா. வீட்லேர்ந்துதான் வேலை" என்கிறாள்! அரை மணியில் ஸ்கூட்டியில் வந்து நின்றாள். பெரிய கண்ணாடி, பயந்த முகம்.

டப்பாவைப் பார்த்தாள், என் படத்தைப் பார்த்தாள், குரல் இறங்கியது. "பிளாஸ்டிக் சுருங்கும்னு படிச்சேன். உங்களுக்கு வேலை மிச்சமாகட்டும்னு நானே ரெண்டு பர்சென்ட் பெருசாக்கி அனுப்பிட்டேன்."

"நானும் பெருசாக்கினேனே!"

கோபப்பட வேண்டிய இடம். வயிறு வலிக்கச் சிரித்தோம். கிண்ணத்தை வைத்து அளந்து பார்க்காதது என் தப்பும்தான்.

வீட்டில் சொன்னால் அம்மா, "ஒரே கொழம்புல ரெண்டு பேரும் உப்பு போட்டுக்கினு இருந்தீங்களா?" என்றாள்.

ஜூலை 23

சார் புது மோல்டு என்கிறார். புது மோல்டு என்றால் புது ஆள், எனக்குத் தெரியாதா? ஸிந்துஜா விடவில்லை. இரும்பை ஒட்ட முடியாது, ஆனால் கீறலாம். டப்பாவின் உள்பக்கத்தை வார்க்கும் மோல்டுப் பாதியில் கீறிய இடத்தில் பிளாஸ்டிக் நிரம்பி, டப்பாவுக்குள் மேடாக எழும்பும். "ஆறே ஆறு கோடு கீறுங்க. கிண்ணம் அந்த மேட்டுல கச்சிதமா நிக்கும்" என்று வரைந்தாள், குறுக்காக. குறுக்கே போனால் டப்பா சிக்கிக்கொள்ளும், மேலிருந்து கீழே போகட்டும் என்று அதே தாளில் திருத்தினேன்.

சார் தாளை வாங்கிப் பார்த்தார். "கீறு."

ஜூலை 30

கிண்ணம் டக்கென்று உட்கார்ந்தது. சார் காதருகே ஆட்டினார். சத்தமே இல்லை!

ஸிந்துஜா கொதிக்கிற சாம்பாரைக் கிண்ணத்தில் ஊற்றி, மூடி, டப்பாவை என் உள்ளங்கையில் வைத்தாள். சுடவில்லை! ஆறு மேட்டுக்கும் நடுவே காற்று நிற்கிறது. குழந்தைகள் கூடத் தூக்கலாம். சரியாகச் செய்திருந்தால் இது கிடைத்தே இருக்காது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்ததில் மூடி கழன்று, சாம்பார் சார் சட்டையில்.

ஆகஸ்ட் 6, புதன்

கிண்டியிலிருந்து ஒப்புதல் வந்துவிட்டது. அடுத்த டப்பாவின் படம் ஸிந்துஜாவிடமிருந்து நேராக என் போனுக்கே வந்தது. கீழே ஒரு வரி: "நான் உப்பு போடலை. நீ போட்டுக்கோ."

சார் சட்டையில் கறை இன்னும் போகவில்லை. மேஜையைப் பற்றி அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. பாலிஷ் ரூமா, இங்கேயா? கேட்கப் பயந்து, மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆடவில்லை. நான்கு காலையும் யாரோ முடுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் ஸிந்துஜா வந்தால் உட்கார இன்னொரு நாற்காலியும் போட்டிருக்கிறது.