கண் எரிந்த குவியல்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

நாற்றுப் பண்ணைக்கு அனுப்பிய அறுநூறு மூட்டை உரமும் நேற்றுத் திரும்பி வந்துவிட்டது. கூடவே பண்ணைக்காரர் எடுத்த பரிசோதனைச் சீட்டும் வந்தது. தழைச்சத்து இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. "என்னய்யா, மண்ணை மூட்டை கட்டி விக்கிறியா?" என்று பண்ணைக்காரர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

காய்கறிக் கழிவும் கோழி எருவும் நான் குறைவில்லாமல்தான் அனுப்பினேன். குவியல் போட்டது நீ. எருவை வேறு யாருக்காவது தள்ளிவிட்டு மண்ணைக் கலந்தாயா? ஆட்கள் முன்னால் உன்னைத் திருடி என்றேன். வாய் தவறிச் சொன்னதல்ல. போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய், எழுதியாவது பதில் சொல்.

அண்ணன்

மார்ச் 15

அண்ணனுக்கு,

இது உன் கையெழுத்துதானா என்று மூன்று தடவை பார்த்தேன்.

கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் குவியலும் அதே கழிவு, அதே எருதான். அதில் ஒரு பை எடுத்து அதே பரிசோதனைக்கு அனுப்பினேன். சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். திரும்பி வந்த மூட்டையில் இருந்ததைவிடத் தழைச்சத்து இரண்டு மடங்குக்கு மேல்.

வாங்க வருகிறவர்களையெல்லாம் கூட்டி வந்து, அந்த மூட்டைகளுக்கு அள்ளிய முன் குவியலைக் கிளறி, "மோந்து பாருங்க சார், கண்ணு எரியுதா? அதான் சத்து!" என்று காட்டினாயே, கண்ணை எரித்தது அம்மோனியா. தழைச்சத்துதான் அந்த வாயுவாகி, நீ கிளறக் கிளறக் காற்றோடு போனது. ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்க நான் கலந்த மரத்தூளையும், "கலப்படம் மாதிரி தெரியுது" என்று வாரிக் கொட்டச் சொன்னாய்.

பின் குவியலுக்கு மரத்தூள் போட்டேன். மேலே மக்கிய உரத்தை ஒரு சாண் போர்த்தினேன். வாடையே இல்லை. "செத்த குவியல்" என்று நீ அதை யாருக்கும் காட்டவில்லை. அதனால்தான் பிழைத்தது.

கொட்டகைச் சாவியையும் அனுப்புகிறேன். அந்த வார்த்தைக்கு அப்புறம் ஆட்கள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

தங்கை

மார்ச் 21

தங்கச்சிக்கு,

உன் சீட்டை என் சீட்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். இருபது வருஷம் சரக்கு விற்றவன் நான். விற்கிற பொருளையே, குவியலைப் பார்க்க வந்த பதினான்கு பேர் மூக்கு வழியாக இனாமாகக் கொடுத்திருக்கிறேன்.

ஆட்களைக் கூப்பிட்டு உன் கடிதத்தையும் இரண்டு சீட்டுகளையும் உரக்கப் படித்தேன். "அப்ப திருடன் யாருண்ணே?" என்றார் லாரி டிரைவர். நான்தான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேற்று உன் வீட்டுக்கு வந்தபோது உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நிற்க வைத்து நீ சொன்னதை, நான் ஒத்துக்கொண்டபடி எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். ஈரக் கழிவு இரண்டு கூடைக்கு மரத்தூள் ஒரு கூடை. குவியல் மேல் போர்த்திய உரத்தை நீ சொல்லாமல் யாரும் விலக்கக் கூடாது. வருகிறவர்களுக்குச் சீட்டைத்தான் காட்ட வேண்டும், குவியலை அல்ல. லாபத்தில் ஆளுக்குப் பாதி. கொட்டகைக்கு ஒரே சாவி, அது இனி உன்னிடம். நான் வந்தால் கதவைத் தட்ட வேண்டும்.

அண்ணன்