படிக்காமல் போட்ட கையெழுத்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இது உன் கைக்கு வரும்போது நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற உயிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை, எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் ஐந்து நாளாகப் படபடவென்று அடித்துக்கொள்கிறது. போனில் சொல்லலாம் என்று மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் சாப்பிட்டாயா, கால் வீக்கம் வடிந்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன், நீகூட என்னம்மா ஒரு மாதிரி பேசறே என்றாய். வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதியை அப்புறம் படி. குழந்தையின் தலை இன்னும் கீழே திரும்பவில்லை, இருபதாம் தேதி ஆபரேஷன் என்று சொன்னாயே, அன்றைக்கு அவர்கள் நீட்டுகிற எந்தக் காகிதத்திலும் முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைத்துக்கொண்டு ஏடாகூடமாக எதுவும் செய்துவிடாதே. படிக்காமல் போடாதே, அவ்வளவுதான். ஏன் என்று சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தையல்காரி என்னை ஒரு கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். உன் ஸ்கூல் பாவாடைக்கெல்லாம் வருஷா வருஷம் மடிப்பு இறக்கிக் கொடுப்பாளே, அவளேதான். பஸ் டிப்போவுக்குப் பின்னால் தொழிலாளர் சங்கத்து மாடி ஹாலில் கூட்டம். வாசலில் பழங்குடிப் பெண்கள் கூடிப் பேசும் நாள் என்று பேனர் கட்டியிருந்தார்கள். நாலு பேர் மேடையேறி நம் ஜனத்தைப் பற்றி நமக்கே பாடம் எடுப்பார்கள், கைதட்டி டீ குடித்துவிட்டு வரலாம், வாரத்தில் இருக்கிற ஒரு லீவும் போச்சு என்று அவளைத் திட்டிக்கொண்டேதான் படி ஏறினேன். பார்த்தால் மேடையே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள், நாங்கள் இருபத்தாறு பேர். ஜன்னல்களைச் சாத்திவிட்டு எங்கள் போன்களையெல்லாம் ஒரு வாளியில் போடச் சொன்னார்கள். நடத்தியது ஒரு பஸ் கண்டக்டர், நம் பெண்தான், டிக்கெட் கேட்கிற குரலிலேயே பேசினாள். பேச விருப்பம் இருந்தால் பேசலாம், இல்லாவிட்டால் மைக்கைப் பக்கத்தில் கொடுத்துவிடலாம், ஒருத்தி பேசும்போது யாரும் குறுக்கே கேள்வி கேட்கக் கூடாது, இங்கே கேட்டதை வெளியே யாருக்குத் தேவையோ அவர்களுக்குச் சொல்லலாம் ஆனால் யார் சொன்னது என்று பேரைச் சொல்லக் கூடாது என்றாள்.

முதலில் சிரிப்பாகத்தான் போனது. நாம் வாடகைக்கு வீடு கேட்டால் எந்தப் பக்கம் என்று விசாரித்து, மலைப்பக்கம் என்றதும் வீடு நேற்றே போய்விட்டது என்பார்களே, அதை ஒருத்தி நடித்தே காட்டினாள், எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. அப்புறம் செங்கல் சூளையில் வேலை செய்கிற ஓர் அம்மாள், என் வயசுதான் இருக்கும், மைக்கை வாங்கினாள். எங்கள் யாரையும் பார்க்கவில்லை, தன் மடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முதல் பிரசவம் நல்லபடியாக ஆனதாம். மறுநாள் கர்ப்பப்பையைச் சுத்தம் பண்ணணும் என்று சொல்லி மயக்க ஊசி போட்டார்களாம். விழித்துப் பார்த்தால் தொப்புளுக்குக் கீழே ஒரு விரல்கடை அளவுக்குத் தையல். அதற்குப் பிறகு குழந்தையே நிற்கவில்லை. பதினாறு வருஷம் கழித்து வேறு ஏதோ வலிக்காகப் போனபோது ஒரு டாக்டரம்மா பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நீங்கதான் குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிட்டிருக்கீங்களே என்றாளாம். அந்தத் தழும்பு என் வயிற்றிலும் இருக்கிறது, உனக்குத் தெரியும். கண்டக்டர் பெண் மெதுவாக, இதே மாதிரி சுத்தம் பண்ணணும்னு சொல்லித் தையல் போட்டவங்க இருந்தா, விருப்பம் இருந்தா மட்டும் கை தூக்குங்க என்றாள். பதினொரு கை. என் பக்கத்திலேயே தையல்காரி கையைத் தூக்கினாள். இருபது வருஷமாக அவளும் நானும் ஒரே பிள்ளையோடு நின்றுவிட்டதைப் பற்றி ஒருத்திக்கு ஒருத்தி ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறோம், நம் ராசி அப்படி என்று. நான் கையைத் தூக்கவில்லை. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது காலி டம்ளர்.

ஏன் தூக்கவில்லை என்றால் எனக்குப் பயம், அதோடு வெட்கம். உன்னிடம் மறைப்பானேன். நீ பிறந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயசு. அப்போது எனக்குத் தெரிந்த எழுத்து என் பேர் மட்டும்தான், கல்யாணமான புதிதில் உன் அப்பா சொல்லிக் கொடுத்தது. மற்றதெல்லாம் பின்னால் உன் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு உன்னோடு உட்கார்ந்து கற்றதுதான். இந்த ஊர் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டின் கோடியில் நம் ஜனத்துக்கென்று தனியாக ஒன்பது கட்டில் போட்டிருந்தார்கள். நர்ஸ் ஒரு காகிதமும் மை டப்பாவுமாகக் கட்டில் கட்டிலாக வந்தாள், வந்தவள் என்னை ஒன்றும் கேட்காமல் கட்டைவிரலைப் பிடித்தாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று கையை உதறிவிட்டுப் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, புள்ளி விடாமல் போட்டுக் கொடுத்தேன். பரவாயில்லையே என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் குளிர்ந்து போனேன், மேலே என்ன எழுதியிருந்தது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஒன்பது பேரில் கையெழுத்துப் போட்டது நான் ஒருத்திதான் என்று உன் அப்பாவிடம் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருப்பேன். தையல்காரி ரேகை வைத்தவள், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று நாலு பேர் முன்னால் நிமிர்ந்து சொல்லலாம். நான் என்ன சொல்வது?

நீ ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்த பிறகு, இன்னும் ஒன்று தங்கவில்லையே என்று உன் பிரசவம் பார்த்த அதே டாக்டரிடம் போய் நின்றேன். அவர் என் சீட்டைப் பிரித்துப் படித்தார், படித்துவிட்டு மூடினார். இருக்கிற ஒண்ணை நல்லா வளர்த்துவிடு என்றார். நல்ல மனுஷர், தட்டிக் கொடுக்கிறார் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அங்கேயே சலவைக்கூடத்தில் வேலை கேட்டபோதும் அவர்தான் சிபாரிசு செய்தார். பதினெட்டு வருஷமாக அந்த ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணியைத்தான் துவைத்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை வேலைக்குப் போய் மெஷின் கதவைத் திறந்தேன், அந்தத் துணியைத் தொட முடியவில்லை. தலைசுற்றல் என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்கு ஆனது ஆகிவிட்டது, இனி அழுது என்ன. என் பயம் அது இல்லை. கூட்டம் முடிகிற நேரத்தில் நம் பெண் ஒருத்தி, நர்ஸாக இருப்பவள், எழுந்து இதைப் பழங்கதைன்னு நினைச்சுக்காதீங்க என்றாள். போன வருஷம் நம் பெண் ஒருத்திக்கு, காலேஜ் படித்தவளுக்கு, கண்ணாடி மாளிகை மாதிரி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில், சிசேரியன் பண்ணும்போதே செய்துவிட்டார்களாம். வலியில் துடிக்கிறபோது நாலு காகிதம் நீட்டினார்களாம், மூன்றாவதில் இருந்ததாம். அப்போதிலிருந்து எனக்குத் தூக்கமும் இல்லை, சோறும் இறங்கவில்லை. இங்கே யாரும் நம்மளை வித்தியாசமா பார்க்கறதில்லம்மா என்று நீ சொல்வாய், நல்லது, அப்படியே இருக்கட்டும். ஆனால் நானும் அந்த டாக்டரை அப்படித்தான் நம்பினேன். அதனால் வலி வருவதற்கு முன்னால், இந்த வாரமே மாப்பிள்ளையோடு போய் அந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கு. ஒரு வரி விடாமல் இரண்டு பேரும் படியுங்கள். குழந்தையை எடுப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யக் கூடாது என்று உன் கையாலேயே எழுதி அதன் கீழே கையெழுத்துப் போடு. டாக்டரிடம் வாய்விட்டும் சொல்லு. முறைத்தால் முறைக்கட்டும், இந்த மலைக்காரிக்கு எத்தனை சந்தேகம் என்று நினைத்தால் நினைக்கட்டும். மாப்பிள்ளையை வராந்தாவைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லு, அவர் டீ குடிக்கிறேன் என்று போனால் ஊர் சுற்றிவிட்டு வருகிறவர்.

அப்பாவிடம் செவ்வாய்க்கிழமை சொன்னேன். நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார். அன்றையிலிருந்து கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறார். அடுத்த மாசக் கூட்டத்தில் பேசுவீர்களா என்று கண்டக்டர் பெண் கேட்டு அனுப்பியிருக்கிறாள். வேலை போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது, மைக்கைப் பிடித்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்றும் பயமாக இருக்கிறது. ஆனால் யாரிடம் பேசுவதாக இருந்தாலும் அதற்கு முன்னால் உனக்குத்தான் சொல்ல வேண்டும். உன் அத்தை வருகிற போதெல்லாம் உன்னைக் காட்டி, பின்னாடி வர்றவங்களுக்கு வழிவிடாம கதவைச் சாத்திட்டு வந்தவ என்பாள். அவள் சொன்னதாவது போகட்டும், உனக்குப் பதினொரு வயசில் ஒருநாள் கோபத்தில் நானும் அதையே சொன்னேன். நீ அழவில்லை. மறுநாள் காலையில் தலை பின்னிக்கொள்ளும்போது, எனக்குத் தம்பி வராததுக்கு நான் என்னம்மா பண்ணணும் என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் சடையை இழுத்து முடிந்தேன். அன்றையிலிருந்து நீ தம்பி தங்கை என்ற பேச்சையே எடுத்ததில்லை, நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாயோ என்னவோ. நான் மறக்கவில்லை. கண்ணே, நீ எதையும் சாத்தவில்லை. நீ பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, என் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தாய், உன்னைத் தூக்கித் தொட்டிலில் போட்டுவிட்டுத்தான், சுத்தம் பண்ணணும் என்று சொல்லி என்னை உள்ளே கொண்டு போனார்கள். பதினெட்டு வருஷம் தாமதமாகப் பதில் சொல்கிற அம்மாவை மன்னித்துக்கொள்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இது ஒன்றே போதும் என்று தோன்றினால் போதும், இன்னும் நாலு வேண்டும் என்றால் நாலு, அதை நீங்கள் இரண்டு பேர் மட்டும் முடிவு செய்கிற வாழ்வு உனக்கு அமைய வேண்டும். அந்தக் காகிதத்தை மறக்காமல் இந்த வாரமே வாங்கு. வாங்கினதும் போன் செய்து, என்ன எழுதியிருக்கிறது என்று முதல் வரியிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு.

இப்படிக்கு, உன் நினைப்பாகவே இருக்கிற
அம்மா