நீலத்தை அரக்கு என்று சொன்ன நாள்

அக்கா,

இந்த மாதக் கடைசியோடு எனக்கு மனநலக் கிளினிக் வேலை முடிகிறது. எனக்குப் பின் வருகிற பெண்ணிடம் ஒப்படைப்பதற்காக நேற்று இரும்பு அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். மேல்தட்டிலிருந்து மை அட்டைப் பெட்டி சரிந்து, பத்தாவது அட்டை மட்டும் மல்லாந்தபடி என் காலடியில் விழுந்தது. ஓரத்தில் அந்த நீலம். குனிந்து எடுக்க எனக்குக் கை வரவில்லை. அந்தப் பெண்தான் எடுத்து, "நல்ல பங்கியுண்டல்லோ சேச்சீ" என்று மலையாளத்தில் அதன் அழகை மெச்சித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மைக்கறையைக் காட்டி, இதில் என்ன தெரிகிறது என்று நோயாளியிடம் கேட்கிற அந்த அட்டைகளைப் பற்றிய அறிக்கைகளை இருபத்தாறு வருடமாகத் தட்டச்சு செய்கிறவள் நான். அந்தப் படிப்புப் படித்தவளில்லை, ஆனால் பூவோடு சேர்ந்த நார் கொஞ்சமாவது மணக்கத்தானே செய்யும். கறுப்பு அட்டை என்றால் ஆட்கள் தாராளமாகப் பேசுவார்கள். வௌவால் என்பார்கள், வண்டு என்பார்கள். நிறம் வந்ததும் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். சிவப்பைக் கண்டதும் ஒருவர் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். ரத்தம் என்று சொல்பவர்கள் உண்டு, செம்பருத்தி என்று சொல்பவர்களும் உண்டு. அதிலெல்லாம் பெரிய பாதகமில்லை. எதையும் பார்க்காமல் "இது சிவப்பு, இது பச்சை" என்று நிறத்தின் பெயரை மட்டும் ஒருவர் சொல்லிக்கொண்டு போனால்தான் மேஜைக்கு அந்தப் பக்கம் முகம் மாறும். எங்கள் டாக்டர் பழைய முறைக்காரர், அதை மூளை தளர்வதன் அடையாளமாக எடுப்பார். அந்த அறிக்கைகளின் கடைசிப் பத்தி எனக்கு மனப்பாடம்.

உனக்கோ நிறத்தின் பெயரைச் சொல்வதுதான் பிழைப்பாக இருந்தது. சாலைக் கடைத்தெருவில் அந்த மேட்சிங் கடையில் முப்பது வருடம் நின்றாய். கல்யாணப் புடவையைச் சுருட்டிக்கொண்டு நான்கு கடை ஏறி இறங்கியவர்கள் கடைசியில் உன்னிடம் வருவார்கள். முந்தானையை ஒரு தரம் விரித்துப் பார்ப்பாய். திரும்பிப் பாராமலே கையைப் பின்னால் நீட்டி ரவிக்கைத் துணியை இழுப்பாய். சரியாக இருக்கும். சந்தேகப்பட்ட ஆட்களை வாசலுக்கே விரட்டுவாய். "வெயில்ல கொண்டுபோய்ப் பாருங்கோ. டியூப்லைட்டு பொய் சொல்லும்." அந்தக் கர்வம் உனக்கு அழகாகத்தான் இருந்தது.

அப்புறம் வீட்டில் பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பப் பூட்டத் தொடங்கினாய். அடுத்த வீட்டுக்காரி உன் புடவையைக் கட்டிக்கொண்டு போகிறாள் என்று சண்டைக்குப் போனாய். பெங்களூரிலிருந்து உன் மகன் என்னைக் கூப்பிட்டான். "சித்தி, உங்க டாக்டர்ட்டயே காட்டுங்க. ரிப்போர்ட் நல்லா இருந்தா அம்மா உங்ககூட இருக்கட்டும். இல்லேன்னா இங்க ஒரு ஹோம்ல சொல்லி வச்சிருக்கேன்." அவன் கெட்டவன் இல்லை. அவனும் பயந்துபோயிருந்தான். ஆனால் உன்னைக் கொண்டுபோய்விட்டால் எனக்கென்று இந்த ஊரில் யாருமில்லை என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

டாக்டர் சொல்லிவிட்ட பல பரிசோதனைகளில் இந்த அட்டைகளும் ஒன்று. மலையாளத்தில் கடைத்தெருவையே அதட்டிய நீ, அன்றைக்குப் பயத்தில் தமிழைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. அட்டை காட்டும் இளைஞருக்கு உன் நாஞ்சில் பேச்சு பிடிபடவில்லை. அதனால் மொழிபெயர்க்க என்னை உள்ளே கூப்பிட்டு உன் பின்னால் உட்காரவைத்தார்.

கறுப்பு அட்டையில் வௌவால் சொன்னாய். அடுத்த ஒன்றில் மாவு இடிக்கிற இரண்டு பொம்பிளைகள் என்றாய். என் மூச்சு கொஞ்சம் சீரானது. நிறம் நிறைந்த முதல் அட்டை வந்தது. விரலை வைத்து, "இது ராணி பிங்க்கு. இது சாம்பல். இது ஆரஞ்சு" என்றாய். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்ததிலும் அதே. அந்தக் கடைசிப் பத்தியை உன் பெயர் போட்டு என் கையாலேயே தட்டச்சு செய்யப்போகிறேன் என்று தோன்றியது. வாயை அடக்க முடியாமல், நீ மேட்சிங் கடையில் இருந்தவள், எந்த நிறத்தைக் காட்டினாலும் உனக்குப் பெயர்தான் முதலில் வரும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நான் பேசக் கூடாது, எனக்கே தெரியும். அவர் நல்ல பிள்ளை. சிரித்துவிட்டு அதை ஓரமாகக் குறித்துக்கொண்டார்.

தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். பத்தாவது அட்டை வந்தது. மஞ்சளை எலுமிச்சை என்றாய். பச்சையைக் கிளிப்பச்சை என்றாய். அப்புறம் அந்த நீலத்தின்மேல் விரலை வைத்து, தெளிவாக, "இது அரக்கு" என்றாய்.

முப்பது வருடம் கல்யாணக்காரர்களுக்கு அரக்குக்கும் குங்குமச் சிவப்புக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்தவள் நீ. அந்த அறையில் அது தப்பு என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர் பேனாவை நிறுத்தி, அரக்கு என்றால் என்ன நிறம் என்று என்னிடம் கேட்டார்.

"அரக்கு எந்நு பறஞ்ஞால் ஏது நிறமா, சேச்சீ?"

"அது ஒரு தரம் நீலமா சாரே" என்றேன். "கடயில் அங்ஙனெயா பறயுந்நது." அது ஒரு வகை நீலம், கடையில் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஒரு பொய்.

அவர் எழுதிக்கொண்டார். நீ திரும்பிப் பார்க்கவில்லை. உன் பின்கழுத்து வியர்த்திருந்தது.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். தம்பானூர் தாண்டியதும் நீ வெளியே பார்த்தபடியே கேட்டாய்.

"ஏட்டி, நீ கேட்டுக்கிட்டுதான இருந்த?"

"ஆமாக்கா."

"கண்ணுக்கு நீலந்தான் தெரிஞ்சுது. வாயில வேற வந்துட்டு. வந்தது என் காதுலயும் விழுந்துது. திருப்பிச் சொல்லலாம்னு பாத்தா, அந்தப் பேரு வரல." என் பக்கம் திரும்பி, "நீ ஏன் திருத்தல?" என்றாய்.

"பயந்துட்டேன்."

"நானும்தான். எம்மவன்ட்ட சொல்லிராத." என் கையை அத்தனை இறுக்கமாக நீ அதற்கு முன் பிடித்ததில்லை.

சொல்லவில்லை. அறிக்கை நல்லபடி வந்தது. தொழில் பழக்கத்தால் நிறங்களின் பெயரைச் சொல்கிறார், கவலைப்பட ஏதுமில்லை என்ற வரியை நானே தட்டச்சு செய்தேன். இரண்டு வருடம் என்னோடு இருந்தாய். நிறங்களின் பெயர் முதலில் போயிற்று, பிறகு பாத்திரங்களின் பெயர், பிறகு என் பெயர். வேறொரு டாக்டர், "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டபோது, "ஆறு மாதமாக" என்றேன். அங்கேயும் பொய். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் மருந்து கேட்டிருக்குமா என்று இன்றுவரை நான் யாரிடமும் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்ற பயம். நீ உன் கட்டிலிலேயே, என் பக்கத்திலேயே போனாய். அதற்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். உனக்காகவா எனக்காகவா என்று நீ கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன்.

நமக்கு ஒரே ரத்தம். உனக்கு மறதி வந்த வயது எனக்கும் நெருங்குகிறது. காலையில் எதிர்மாடிக் கொடியில் காயும் புடவைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வாய்விட்டுப் படிக்கிறேன். அரக்கு, மயில்கழுத்து, வெங்காயத் தோல். எல்லாம் சரி என்றுதான் படுகிறது. நீ தப்பாகச் சொன்ன அன்று, அது தப்பு என்று தெரிந்த ஒருத்தி உன் பின்னால் உட்கார்ந்திருந்தாள், அக்கா. உனக்காகப் பொய்யும் சொன்னாள். நான் சொல்லி முடித்துவிட்டு, தப்பென்று திருத்த எனக்குப் பின்னால் யாருமில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். பிறகு முதல் புடவையிலிருந்து மறுபடியும் தொடங்குகிறேன்.