நிலை வைத்த கை

அக்கா,

இன்று காலை தியாகதுருகம் வரும்போது பஸ் ஜன்னலில் மாவிலை கட்டிய வாசல் நிலை ஒன்று தெரிந்தது. மஞ்சள், குங்குமம், பூச்சரம் எல்லாம் இருந்தது. இரண்டு பக்கமும் சுவர்தான் இல்லை. ஒரு பெண் தாம்பாளத்தோடு நிற்க, எதிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தான் உன் காண்ட்ராக்டர். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

உன் மனையிலும் அவன் இப்படித்தான் நின்றான். வெள்ளிமலையில் பள்ளி விடுதிப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டே பாதி ஆயுசைக் கழித்து, மலைக்குக் கீழே அந்த மனையை நீ வாங்கியிருந்தாய். உனக்கு இருந்தது ஒரே ஆசை. "செத்தாலும் சொந்த வூட்டு நெலையத் தாண்டித்தான் என்னத் தூக்கினு போவணும்டி. வாடக வூட்ல போட்டு வெச்சிடாதீங்க." சிரித்துக்கொண்டுதான் சொல்வாய். ஆனால் விளையாட்டில்லை என்று எனக்குத் தெரியும்.

அவனைப் பிடித்த விதமே தப்பு. சந்தையில் யாரோ சொன்னார்கள் என்று வாடகை வீட்டுக்கு வரவழைத்தாய். "நீங்க முடிச்சிக் குடுத்த வூடு ஒண்ணக் காட்டுங்க, போய்ப் பாத்துட்டு வர்றோம்" என்றேன். அவன் உன் பக்கம் திரும்பி, "இன்னாக்கா, தங்கச்சிக்கு என்மேல நம்பிக்க கம்மியாக்குதே" என்றான். நீ என்னை முறைத்துவிட்டு அவன் தட்டில் இன்னொரு தோசை வைத்தாய். எவனாவது அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் போதும், நீ கரைந்துவிடுவாய். என்ன வேலை, என்ன சாமான், எப்போது முடிப்பான் என்று ஒரு தாளில் எழுதியாவது வாங்கு என்றேன். வீட்டுக்கு வந்தவனிடம் அது மரியாதையில்லை என்றாய். உன் மரியாதையைத்தான் அவன் முதலில் தின்றான்.

கடைக்கால் எடுத்து அடித்தளம் வரை விறுவிறுவென்று வேலை நடந்தது. நல்ல நாள் பார்த்து நிலை வைத்தான். நீ வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கோடு சுவர் வேலைக்கான முன்பணத்தையும் வைத்துக் கொடுத்தாய். எல்லோருக்கும் கறிச்சோறு. நிலையோடு சேர்ந்து நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டான். அன்றைக்குப் போனவன்தான்.

மலையில் சிக்னல் கிடைக்கிற பாறைமேல் வலிக்கிற முட்டியோடு ஏறி நின்று அவனுக்குப் போன் போடுவாய். "ஆளுங்க வேல செஞ்சிகினுதான்கா இருக்காங்க" என்பான். நான் மனைக்குப் போய்ப் பார்த்தால், நிலைக்குள் ஆடுதான் போய் வந்துகொண்டிருக்கும்.

வேறு மேஸ்திரியை வைத்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன். "நெலை வெச்ச கைய நடுவுல மாத்தக் கூடாதுடி, குடும்பத்துக்கு ஆவாது" என்றாய். நம் பக்கத்தில் எல்லோருக்கும் இருக்கிற பயம்தான். அந்தப் பயத்தை வைத்துத்தான் அவன் பிழைக்கிறான். ஒரு மனையில் நிலையை நிறுத்திவிட்டால் அந்த வீட்டுக்காரர்கள் அவனை விடமாட்டார்கள். அவன் நிம்மதியாக அடுத்த மனைக்குப் போவான். நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து உயிரில்லாத உன்னைக் கொண்டுவந்தபோது வாடகை வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்தார். "இங்க வெச்சிக்க வேணாங்க. அப்புறம் யாரும் குடி வர மாட்டாங்க." உன் மனையிலேயே பந்தல் போட்டு, அந்த நிலைக்கு அருகில் உன்னைக் கிடத்தினோம். அவனும் மாலையோடு வந்தான். டீயை உறிஞ்சிக்கொண்டே, "நெலை வெச்ச கையி என்னுது. கவலப்படாதீங்க, நானே முடிச்சித் தர்றேன்" என்றான். அவன் முகத்தில் துப்பியிருப்பேன். நீ அங்கே கிடந்ததால் விட்டேன்.

தூக்கும்போது, நிலை வழியாகத்தான் தூக்க வேண்டும் என்று கத்தினேன். தூக்கினார்கள். உள்ளேயும் வெயில், வெளியேயும் வெயில்.

காரியம் முடிந்ததும் வேறொரு மேஸ்திரியை அழைத்து வந்தேன். அவரும் நிலையைப் பார்த்ததும் பின்வாங்கினார். "மொதல்ல வெச்சவர ஒரு வார்த்த கேட்டுக்குங்கம்மா." எனக்கு வெறி பிடித்துவிட்டது. முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கழியின் கயிற்றை நானே அவிழ்த்தேன். ஒரு கையால்தான் தள்ளினேன், அக்கா. அப்படியே சாய்ந்து விழுந்தது. அடியில் ஒரு கரண்டி சிமெண்டுகூட இல்லை. செங்கல் துண்டும் களிமண்ணும்தான். போட்டோவுக்கு நிறுத்தி வைத்திருக்கிறான். எந்தக் கையை மாற்றக் கூடாது என்று சாகும்வரை காத்திருந்தாயோ, அந்தக் கை உனக்கு நிலையே வைக்கவில்லை.

அதைப் பார்த்த பிறகு அந்த மேஸ்திரியே கட்ட ஒப்புக்கொண்டார். வீடு முடிந்துவிட்டது. அவர் முன்பு கட்டிய வீடுகளுக்கு நானே போய், மழைக்கு ஒழுகுகிறதா என்று குடியிருப்பவர்களைக் கேட்டுவிட்டுத்தான் வேலையைக் கொடுத்தேன். கூரை போட்ட பிறகுதான் வேட்டி, துண்டு. நீ இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாய்.

இன்று பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பி நடந்தேன். என்னைப் பார்த்ததும் அவன், "வாங்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றான். நான் அந்தப் பெண்ணிடம் போனேன்.

"தட்டக் குடுக்காதம்மா. மொதல்ல அந்த நெலையில கை வெச்சி ஆட்டிப் பாரு."

"நீங்க யாருங்க?"

"இந்தாளு வெச்ச நெலை வழியா எங்க அக்காவப் பொணமாத் தூக்கினோம்மா."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். உன் நிலையைத் தள்ளிய அன்றிலிருந்து எந்த வாசலைக் கண்டாலும் என் உள்ளங்கை பரபரக்கிறது, அக்கா. ஆனால் இன்று நான் தொடவில்லை. அவள் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, தன் கையாலேயே நிலையைத் தள்ளினாள்.