மூன்று விநாடி பின்னால்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். போனிலேயே பேசியிருக்கலாம். நீ எடுத்து "சொல்லுடா" என்றால் வேறெதையாவது பேசி வைத்துவிடுவேன். அதனால்தான் காகிதம்.

நேற்று மாமா பேசினார். "மூணு வாரமா உங்க அக்கா வேலைக்கு உக்காரல மாப்ள. ஆஸ்பத்திரிக்காரங்க வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. நீ செஞ்ச பிளேயர்தான் சரியில்லையாம். உனக்கு எழுதினாளாம், நீ கண்டுக்கலையாம். என்னதான் விஷயம்?" என்றார். "எனக்கு எதுவும் வரலையே மாமா" என்று அழுத்திச் சொன்னேன். போனை வைத்த பிறகுதான், போன வருஷம் உன்னிடம் நான் எரிந்து விழுந்தது நினைவுக்கு வந்தது. "எல்லாத்தையும் போன்ல சொல்லாதக்கா. இணையத்துல எல்லாரும் எழுதுற குறைப்பக்கத்துல எழுது."

நீ எழுதியிருக்கிறாய். எல்லாரையும்போல.

ஒலிப்பதிவை ஓடவிடும் அந்தப் பிளேயர் மென்பொருளை நான் எழுதத் தொடங்கியதே உனக்காகத்தான். டாக்டர்கள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் பதிவு செய்வதைக் கேட்டு நீ தட்டச்சு செய்வாய். நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் மூன்று விநாடி பின்னால் போய்த் தொடங்கவேண்டும், அப்போதுதான் நழுவிய சொல் கிடைக்கும் என்றாய். அதற்காகப் பைத்தான் நிரல்மொழியில் பதினொரு வரி எழுதினேன். விசைப்பலகையில் நிறுத்தி ஓடவிடும் விசையை நீ சட்டென்று கண்டுபிடிக்க உன் சிவப்பு நகப்பூச்சை எடுத்து அதன்மேல் ஒரு பொட்டு வைத்தேன். பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், திருத்தட்டும் என்று பிளேயரை இணையத்தில் இலவசமாக விட்டேன். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். நானும் பெரிய மனிதனாகிவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கம்பெனி எழுதியது. எங்கள் பிளேயரைத் தங்கள் கருவிக்குள் அடைத்து விற்கிறவர்கள். ஆறு வருஷத்தில் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. "இந்த மூன்று விநாடி பின்வாங்கல் ஒரு கோளாறு, உடனே நீக்கவும்" என்று ஒற்றை வரி. ஊரான் உழைப்பில் கொழுப்பவர்கள் என்று மேடை கிடைத்த இடமெல்லாம் பேசுகிறவன்தானே நான்? பத்து நிமிஷத்தில் பணிவாகப் பதில் போட்டேன். அன்று மாலைக்குள் பதினொரு வரியையும் அழித்தேன். வேண்டியவர்களுக்கு மட்டும் இருக்கட்டும் என்று ஒரு தேர்வாகக்கூட வைக்கவில்லை. அங்கே ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன், அக்கா. இன்றுவரை கூப்பிடவில்லை.

மறுநாள் உன் கணினி புதிய பதிப்பைத் தானாகவே இழுத்துக்கொண்டது. அப்படி அமைத்துக் கொடுத்ததும் நான்தான்.

குறைப்பக்கத்தில் நீ எழுதிய மூன்று குறைகளையும் நேற்றுதான் ஒழுங்காகப் படித்தேன். 'தட்டச்சர்' என்று பெயர் போட்டு, ஆங்கிலத்தில் திக்கித் திக்கி எழுதியிருக்கிறாய். முதலாவதை 'ஐயா' என்று தொடங்கியிருக்கிறாய். என்னை. அதற்கு நான் பதிலே போடவில்லை. இரண்டாவதை எங்கள் நண்பர் குழுவில் போட்டேன். உன் ஆங்கிலத்தைக் காட்டிச் சிரித்தோம். அதற்கு நான் தந்த பதில் இன்னும் குறைப்பக்கத்தில் கிடக்கிறது: "இது இலவசம். பிடிக்கவில்லையென்றால் வேறு பாருங்கள்." மூன்றாவதைப் படிக்காமலே 'முடிந்தது' என்று குறித்து மூடினேன். அதன் கடைசி வரியில்தான் சிவப்புப் பொட்டு வைத்த விசையைப் பற்றி எழுதியிருந்தாய்.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மவுஸைப் பிடித்துப் பின்னால் இழுத்து இழுத்து, ஒரு நாள் வேலையை இரண்டு நாளில் முடித்திருக்கிறாய். அதற்குத்தான் உன்னை நிறுத்தினார்கள். அப்போதும் நீ என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். "குறைப்பக்கத்துல எழுதுக்கா" என்றுதான் சொல்லியிருப்பேன்.

நடந்ததைச் சொல்லி, நாம் சிரித்தது தப்பு என்று நண்பர் குழுவில் எழுதினேன். ஒருவன் மட்டும் பதில் போட்டான்: "உங்க அக்கா இல்லாம வேற யாராவதா இருந்தா இதை எழுதியிருப்பியாடா?" அந்தக் கம்பெனிக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று நேற்றிலிருந்து தேடுகிறேன். அவனுக்குச் சம்பளம் வருகிறது. வேறொன்றும் தெரியவில்லை.

பதினொரு வரியையும் திரும்பச் சேர்த்துவிட்டேன். கம்பெனிக்கு வேண்டாமென்றால் அவர்கள் அணைத்துக்கொள்ளட்டும். இனி நீ சம்மதித்தால்தான் உன் கணினியில் எதுவும் மாறும். நீ எழுதிய மூன்றின் கீழும் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். உறவு எதுவும் சொல்லவில்லை. தாமதத்துக்குக் காரணம் நீ இல்லை, நான்தான் என்று ஆஸ்பத்திரி மேற்பார்வையாளருக்குக் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் இத்துடன் இருக்கிறது. கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் உன் விருப்பம்.

வேலை திரும்பக் கிடைக்குமா, தெரியாது. நீ என்னிடம் பழையபடி பேசுவாயா, அதுவும் தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு தடவை கணினிமுன் உட்கார்ந்து அந்தச் சிவப்புப் பொட்டை அழுத்திப் பார். சரியாக ஓடாவிட்டால் எனக்குப் போன் பண்ணாதே. அந்தக் குறைப்பக்கத்திலேயே எழுது. வேறு பெயர் வைத்துக்கொள். நான் கண்டுபிடிக்க முடியாத பெயராக. இனி அங்கே வருகிற யாருக்குப் பதில் எழுதினாலும், அது நீயாக இருக்குமோ என்று கடைசி வரிவரை படித்த பிறகே எழுதுவேன்.

மாமாவுக்கு என் வணக்கம். சாப்பிடாமல் இருக்காதே.

தலை நிமிராமல்,
உன் தம்பி